பதினைந்தாயிரத்தில் ஒரு குளிர்காலம்



டிசம்பர் பிறந்தால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் நிறம் மாறிவிடும். பொங்கல் மலர் எப்போது என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அண்மைக்காலமாக, கணவனும் மனைவியும் மட்டும் நாலு நாள் எங்காவது போய்வர யோசனை கேட்பவர்கள். இந்த ஆண்டு ஸ்பெயின் என்ற பெயர் அடிக்கடி தென்படுகிறது. குளிர்காலத்தில் அங்கே கூட்டம் குறைவாம், அறை வாடகையும் இறங்குமாம், இருவர் போய்வர எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேருக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும் என்பது எழுத்திலேயே தெரிகிறது. புதுமணத் தம்பதிகள் இப்படிக் கணக்குக் கேட்டு எழுதுவதில்லை.

கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினுக்கான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ. இருவருக்கு 180. யூரோ இப்போது நூறு ரூபாயை ஒட்டி நிற்பதால் பதினெட்டாயிரம் ரூபாய் அங்கேயே போய்விடும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். அங்கே தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு நூறு யூரோவுக்குமேல் செலவழிக்கப் பணம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ ஓரிடத்தில் மாறித்தான் மாட்ரிட்டோ பார்சிலோனாவோ போக முடியும், இருவர் டிக்கெட்டே லட்சத்தைத் தாண்டும். கிரனாடாவில் சியாரா நெவாடா மலையின் பனிக்காற்று அடிக்கும். அதற்குத் தோதான கோட்டு நம் அலமாரியில் இருக்காது, வாங்க வேண்டும். எல்லாம் கூட்டினால் ஒரு வாரத்துக்கு மூன்று லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிக்கலாம் என்பது என் மதிப்பு.

இருப்பவர்கள் தாராளமாகப் போய்வாருங்கள். செவில் நகரத்துத் தெருமரங்களில் ஜனவரியில் ஆரஞ்சு பழுத்துத் தொங்கும். கசப்பு ஆரஞ்சு, அழகுக்காக மட்டும், பறித்துத் தின்ன முடியாது. மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் மாலைக் கடைசி இரண்டு மணி நேரம் நுழைவு இலவசம். மதியத்தில் உணவகங்கள் இரண்டு மூன்று வகையறாவோடு ஒரே விலையில் தரும் ‘மெனு டெல் தியா’ என்ற சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால் இரவுக்கு ஒரு கொறிப்பு போதும். ஜனவரி 6 அவர்களுக்கு மூன்று ராஜாக்கள் திருநாள், குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் நாள். அது முடிந்த கையோடு கடைகளில் தள்ளுபடி தொடங்கும், விடுதிகளில் அறை மலியும். விவரம் தெரிந்தவர்கள் ஜனவரி 7-க்குப் பிறகுதான் கிளம்புவார்கள்.

நான் சொல்லவந்தது இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான். பயணத்தில் தூரத்தைவிடத் தேதிதான் பணத்தை அதிகம் தின்கிறது. மாட்ரிட்டுக்கு உண்மையான இந்தக் கணக்கு மார்த்தாண்டத்துக்கும் உண்மை. மூன்று லட்சம் கைவசம் இல்லாத வாசகர்களே நமக்கு அதிகம் என்பதால், அந்த இருவர் விசாப் பணம் இருக்கிறதே, பதினெட்டாயிரம், அதற்குள்ளேயே ஒரு குளிர்காலப் பயணத்தைச் சென்னையிலிருந்து போட்டுப் பார்த்தேன். மூன்று பகல், இரண்டு இரவு. இடம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை.

பேச்சிப்பாறையில் குளிரா என்று நாகர்கோவில்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தை மாத விடியலில் அணைக்கரைப் பக்கம் இருபது டிகிரியை ஒட்டி வெப்பம் இறங்கினாலே, தலையில் துவர்த்தைச் சுற்றிக்கொண்டு கட்டன் சாயாவுக்காகக் கடை வாசலில் நிற்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். வருடம் முழுக்க வியர்த்துக் கிடக்கும் நமக்கு அந்த இருபது போதும். ஸ்வெட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

குமரி மாவட்டத்தின் குளிர்காலத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பெயினுக்குக் குளிர்காலம் மந்தமான பருவம், குமரிக்கோ அதுதான் உச்சம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்குப் போகும்போதும் வரும்போதும் கன்னியாகுமரியில் இறங்குவார்கள். மண்டல பூஜை வரை ஒரு கூட்டம், மகரவிளக்கு வரை இன்னொரு கூட்டம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கிறிஸ்துமஸுக்கு வளைகுடாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர்ப்பிள்ளைகள் திரும்புவார்கள். வீடுகள்தோறும் நட்சத்திரம் தொங்கும், ரயிலில் இடம் இருக்காது. சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா. புத்தாண்டின் முதல் சூரியனைப் பார்க்க முனையில் ஆயிரக்கணக்கானோர். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்த வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. பிறகு பொங்கல். இந்த நாட்களில் முனையில் அறை கேட்டால் சொல்லும் வாடகையில் பேரம் பேசும் எண்ணமே வராது.

டிசம்பர் 3 பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவின் நிறைவு நாள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்தச் சவேரியார் பிறந்தது 1506-ல், இன்று ஸ்பெயினில் இருக்கும் நவாராவில். லிஸ்பனில் 1541 ஏப்ரலில் கப்பலேறியவர் 1542 மே மாதம்தான் கோவாவில் இறங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் கடலிலும் துறைமுகத்திலும் கழித்து, பிறகு குமரிக் கடற்கரை மணலில் நடந்து திரிந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டால், விமானம் மாறுவதற்கு தோஹாவில் ஆறு மணி நேரம் காத்திருப்பது பெரிய குறையாகத் தெரியாது.

டிசம்பர் முதல் பாதிக்கு வருகிறேன். அப்போது கூட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் வடகிழக்குப் பருவமழை இன்னும் கையை எடுத்திருக்காது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது. ஒக்கிப் புயல் 2017-ல் வந்தது நவம்பர் கடைசி நாளில். கடலில் போனவர்களைக் கொண்டுபோனதோடு, மலையடிவாரத்து ரப்பர் மரங்களையும் ஆயிரக்கணக்கில் முறித்துப்போட்டது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அணை நிறைந்து உபரிநீர் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ரயில், அறை எல்லாவற்றுக்கும் பணம் கட்டி வந்து, கயிறு கட்டிய இடத்தில் நின்று அருவியின் இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஆகவே என் கணக்கில் நல்ல தேதி பொங்கல் கழிந்த பிறகு: ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி பாதி வரை. ஐயப்ப சீசன் முடிந்திருக்கும், பள்ளிகள் நடக்கும், தேர்வுக் கவலையில் குடும்பங்கள் வீட்டோடு இருக்கும். வாரநாளாகப் பார்த்தால் இன்னும் உத்தமம். அணையிலும் தண்ணீர் இருக்கும். பேச்சிப்பாறை முறைப்படி ஜூன் முதல் தேதி கன்னிப்பூ சாகுபடிக்குத் திறந்து, கும்பப்பூ அறுவடையாகும் பிப்ரவரி கடைசியில் மூடும் அணை. அதற்குப் பிறகு கோடைக்கு இருப்பு வைத்துக்கொள்வார்கள். வருகிற தண்ணீரை வந்தவுடன் விட்டுவிடாமல், எந்த வயலுக்கு எந்த மாதம் என்று தேதி போட்டுச் செலவழிக்கும் அந்த வழக்கத்தை வீட்டு வரவுசெலவு நோட்டு வைத்திருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

அணையைப் பற்றிக் கொஞ்சம். நாஞ்சில் நாட்டில் பத்திரிகை படிக்கிற எவரும் பேச்சிப்பாறை என்ற பெயரைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்ப முடியாது. நீர்மட்டம் எத்தனை அடி, நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை என்று மழைக்காலத்தில் அன்றாடம் போடுவார்கள். ஆனால் நேரில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. கோதையாற்றின் குறுக்கே, கல்லாறும் சிற்றாறும் குட்டியாறும் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த அணை. இன்றைய குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர். ஆண்டவர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா. செலவு ஏறத்தாழ 26 லட்சம் ரூபாய். கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற ஆங்கிலேயர். முதலில் 42 அடி, பிறகு 48 அடியாக உயர்த்தினார்கள். மிஞ்சின் 1913-ல் இறந்தபோது அவரை வேறெங்கும் கொண்டுபோகவில்லை, அணைக்கருகிலேயே அடக்கம் செய்தார்கள். முல்லைப் பெரியாற்றின் பென்னிகுவிக்குக்குக் கிடைத்த புகழ் மிஞ்சினுக்குக் கிடைக்கவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நீங்கள் போனால் அந்தக் கல்லறையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிப்ரவரிக்கு நான் வாக்களிக்க இன்னொரு காரணம் ரப்பர். தமிழ்நாட்டில் இலையுதிர்காலம் என்று ஒன்றைப் பார்க்கவேண்டுமானால் இந்த மாவட்டத்துக்குத்தான் வரவேண்டும். ஜனவரி கடைசியில் ரப்பர் இலைகள் செம்பு நிறமாகி உதிரத் தொடங்கும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியெங்கும் இரண்டு பக்கமும் இலை மெத்தை, மேலே வெறும் கிளை, நடுவே வெளுத்த வானம். சில வாரங்களில் எல்லாம் ஒன்றுபோல் துளிர்த்துவிடும். மற்ற மாதங்களில் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுக்குப் போகிறவர்கள், இலை உதிர்ந்து தளிர் வரும் அந்த வாரங்களில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். சிரட்டைகள் காய்ந்து கவிழ்ந்திருக்கும். பார்க்க வருபவருக்குக் காட்சி அழகு. அங்கே வெட்டுபவருக்கு அது கூலியில்லாத காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வாரத்தில் அங்கே ஆட்டோ பிடிப்பதும், சாயாக் கடையில் உட்காருவதும், பழம் வாங்குவதும் நல்ல காரியம்.

இனிப் பணம். சென்னை எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இரண்டும் இரவு வண்டிகள். ஸ்லீப்பரில் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் என்று தாராளமாகவே போடுகிறேன். போகவர இருவருக்கு 2,000. அனந்தபுரியில் வந்தால் நாகர்கோவிலோடு இறங்கிவிடாமல் குழித்துறை வரை டிக்கெட் எடுங்கள். மார்த்தாண்டம் பக்கத்தில்தான், அங்கிருந்து குலசேகரத்துக்கு பஸ் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் விட்ட வந்தே பாரத்தும் இருக்கிறது. விடியலில் கிளம்பி மதியம் கழிந்து நாகர்கோவிலில் விடும். ஆனால் ஆளுக்கு 1,700 ரூபாய்க்குமேல் ஆகும், பகலும் ஒன்று போய்விடும். இரவு வண்டியில் போனால் ஓர் இரவுக்கான அறை வாடகை மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும்.

தங்குவதற்குப் பேச்சிப்பாறையிலேயே இடம் தேட வேண்டாம். குலசேகரம், திற்பரப்பு, மார்த்தாண்டம் இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். ஓர் இரவுக்கு 2,000 ரூபாய், இரண்டு இரவுக்கு 4,000. வரி 200 சேர்த்து 4,200. ரூ.7,500-க்கு உட்பட்ட அறைகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியிருக்கிறது; பழைய கணக்கில் யாராவது பில் போட்டால் கேளுங்கள். இருவருடைய ஆதாரையும் கையில் வைத்திருங்கள். கணவன் மனைவிதான் என்று சொன்ன பிறகும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அது செலவில் சேராது.

சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 1,000, மூன்று நாளைக்கு 3,000. இங்கே ஸ்பெயின்காரன் வித்தையைக் கையாளலாம். மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள்: சம்பா அரிசிச் சோறு, மீன்குழம்பு, தீயல், அவியல், பப்படம். இரவுக்குப் புட்டும் பயறுமோ ஆப்பமோ போதும். நாலு மணிக்கு ஏத்தம்பழ பஜ்ஜியும் சாயாவும். ஒருவேளையாவது மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்போடு சாப்பிடாமல் திரும்பாதீர்கள். அது நட்சத்திர ஓட்டலில் கிடைக்கும் பண்டமல்ல, நல்லதாக வேண்டுமானால் சின்னக் கடையாகப் பார்த்து நுழையுங்கள். சைவக்காரர்களுக்கு நாகர்கோவில் பக்கத்து ரசவடை ஒன்று போதும், நான் சிபாரிசு செய்ய.

ஊர் சுற்ற 2,500. இதில் ஒரு வேடிக்கை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம், அங்கிருந்து அணை என்று அப்படிப்பட்ட பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் கணவருக்கு மட்டும்தான் சில்லறை. இந்தப் பயணத்தில் மனைவி ராணி, ஐயா வெறும் பயணி. ஆனால் ஒரு நாள் முழுக்க ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள் என்பேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே பாதிப் பொழுது போனால், மிச்சம் பிடித்த பணத்துக்கு மரியாதை இல்லை. காலையில் ஏறும் முன்பே இடங்களைச் சொல்லி, வாடகையையும் ஓட்டுநர் அண்ணனின் மதியச் சாப்பாட்டையும் சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள். ‘போட்டுக் குடுங்க மக்களே, பாத்துக்கலாம்’ என்று அவர் சொன்னால் அங்கே நிறுத்தி ஒரு தொகையை வாயால் வரவழைத்துவிட்டு ஏறுவது இருவருக்கும் நல்லது.

நுழைவுக் கட்டணம், படகு, வண்டி நிறுத்தம் இதற்கெல்லாம் 500 போதும். இந்தப் பக்கத்தில் பார்க்கத் தகுந்தவற்றில் பல இலவசம், அல்லது ஒரு சாயாக் காசு. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் காமராஜர் காலத்துத் திட்டத்தில் கட்டி முடித்தது. பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசனத் தண்ணீர் தொட்டிக்குள் ஓடுகிறது, பக்கத்திலேயே நடைபாதை. காற்று அடிக்கிறபோது கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பீர்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஸ்பெயினின் செகோவியாவில் ரோமானியர்கள் கட்டிய கால்வாய்ப் பாலத்தைப் பார்க்க உலகம் போகிறது. அதில் இன்று தண்ணீர் ஓடுவதில்லை; நம்முடையதில் ஓடுகிறது.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில்தான் அங்கே குடமுழுக்கு நடந்தது. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி ஒன்று பையில் இருக்கட்டும். சமண வரலாற்றில் ஆர்வம் இருந்தால் சிதறால் மலைக்கோயில், குடைவரை பிடிக்குமென்றால் திற்பரப்புக்குப் பக்கத்துத் திருநந்திக்கரை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்து கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர். ஆகவே பயணத்தில் திங்கள் வந்தால் அதை அணைக்கும் அருவிக்கும் கொடுத்துவிடுங்கள்.

மீதி உள்ளதில் 1,500 ரூபாயை வாங்கிவருவதற்கு வையுங்கள். மார்த்தாண்டம் தேனுக்கும் குமரி மட்டிப் பழத்துக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மட்டி விரலளவு வாழை, வாசனைக்காகவே வாங்கலாம், ஆனால் சென்னை வரை தாங்க வேண்டுமானால் செங்காயாகக் கேளுங்கள். குமரிக் கிராம்புக்கும் குறியீடு உண்டு. மலைத் தோட்டங்களில் கிராம்பு பறிக்கும் பருவமும் இதுதான். நூறு கிராம் வாங்கினால் வருடம் முழுக்க வரும். கடைசியாக எதிர்பாராததற்கு 1,500. இந்தத் தொகையை எழுதும்போதே பலர் கை வைத்துவிடுவார்கள்; வைக்காதீர்கள். பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் ஜி-பே நம்பிக்கைக்குரியதல்ல, அதனால் இதை ரொக்கமாகவே, இருவர் பையிலும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக மொத்தம் 15,200 ரூபாய். ஸ்லீப்பர் வேண்டாம், ஏ.சி. வேண்டும் என்றால் இன்னும் மூவாயிரம் சேரும், விசாப் பணத்தை ஒட்டி வந்துவிடும். திருநெல்வேலி, மதுரைக்காரர்களுக்கு ரயில் செலவு குறைந்து பதின்மூன்று பதினான்காயிரத்தில் முடியும்.

இந்தக் கணக்கை ஒரே அடியில் கவிழ்க்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ரயில் டிக்கெட் போட்டதைக் கேள்விப்பட்டவுடன் வீட்டில் யாராவது, ‘குமரிதானே, நாங்களும் சுசீந்திரம் பாத்து ரொம்ப நாளாச்சு’ என்பார்கள். உடனே வேன் பேசுவார்கள். வேன் என்றால் திருச்செந்தூர் சேரும். திருச்செந்தூர் சேர்ந்தால் மொட்டை சேரும். மூன்றாம் நாள் பேச்சிப்பாறைக்கு நேரமில்லை என்று முனையிலிருந்தே திரும்புவார்கள். குடும்பத்தோடு போவது தனி இன்பம், அதற்கு நான் எதிரியல்ல. அதற்குத் தனித் தேதியும் தனிப் பணமும் வையுங்கள். நம் கல்யாணச் செலவு நோட்டுகளில் வாழையிலைக் கட்டு முதல் மைக் செட் வரை தனித்தனி வரி இருக்கும், அந்த இருவரும் தனியாக எங்காவது போய்வர என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்காது. ஆறு வருடம் கழித்து அந்த வரியை நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும். மாதம் ஆயிரத்து முந்நூறு ஒதுக்கினால் பன்னிரண்டு மாதத்தில் 15,600 வந்துவிடுகிறது. அஞ்சலகத்தில் தொடர் வைப்பு போட்டால் தொடத் தோன்றாது என்பது பலருடைய அனுபவம்.

எதில் கஞ்சத்தனம் கூடாது என்றும் ஒரு யோசனை சொல்கிறேன். கிளம்பும் முன் இருவரும் தனித்தனித் தாளில் ஒன்றே ஒன்றை எழுதுங்கள், பணம் பார்க்காமல் செய்ய ஆசைப்படும் ஒன்றை. ஒருவர் திற்பரப்புப் படகு என்று எழுதலாம், இன்னொருவர் காலை பத்து மணி வரை தூக்கம் என்று எழுதலாம். அந்த இரண்டும் கட்டாயம் நடக்க வேண்டும், மற்றதில் வெட்டிக்கொள்ளலாம். பணத்தைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் தொகையைப் பற்றியவை அல்ல என்பது நான் பத்திரிகைக்கு வரும் கடிதங்களிலிருந்து கற்றது.

சில எச்சரிக்கைகள். பேச்சிப்பாறைக்கு மேலே கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது, யானை நடமாட்டம் உள்ள காடு. மேல் கோதையாறு வரை போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வனத்துறையிடம் கேட்காமல் நகராதீர்கள். அணைமேல் ஏறவும் அன்றன்றைய நிலைமையைக் காவலர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கத்தில் இறங்கிக் குளிக்கவே வேண்டாம், குளியல் திற்பரப்பில் மட்டும். மாலை பஸ் சீக்கிரமே தீர்ந்துவிடும். அணைக்கு அப்பால் தச்சமலை, தோட்டமலை போன்ற காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் தண்ணீரைக் கடக்கப் படகில் வருவதைப் பார்ப்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கும் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் போகிற வழி அது, உல்லாசப் படகல்ல. பணம் தருகிறோம், ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டு அதில் இடம் பிடிக்க வேண்டாம். மலையில் பறித்த தேனோ நல்லமிளகோ அவர்கள் விற்றால், சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குங்கள். வேறெங்கு பேரம் பேசினாலும் அங்கே வேண்டாம்.

தேதி விஷயத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பிப்ரவரி முதல் வாரத்துக்கான டிக்கெட் இந்த டிசம்பர் முதல் வாரத்தில், காலை எட்டு மணிக்கு. எட்டேகாலுக்குப் போனால் காத்திருப்போர் பட்டியல்தான் என்ற நிலை குமரி வண்டிகளில் புதிதல்ல. திரும்புவதற்கும் அன்றே போட முடியாது. மூன்று நாள் கழித்து இன்னொரு எட்டு மணி. ஒருநாள் கணவர் அலாரம் வைக்கட்டும், மறுமுறை மனைவி.

போய்வந்தவர்கள் உங்கள் செலவுக் கணக்கை நமக்கு அனுப்புங்கள். எங்கே என் தொகை குறைந்தது, எங்கே மிஞ்சியது என்று எழுதுங்கள், மார்ச் இதழில் சிலவற்றை வெளியிடலாம். ஸ்பெயினுக்கே போய்வந்தவர்களும் எழுதலாம், செவில் ஆரஞ்சை யாராவது கடித்துப் பார்த்திருந்தால் அதையும் சேர்த்து. படங்கள் கட்டாயமில்லை. எதிர்பாராததற்கு வைத்த அந்த 1,500 எதில் போயிற்று என்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்